கடன் தொகையைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்

நாட்டுக் கடன் என்று பேச்செடுத்தாலே காரைக்குடிப் பக்கம் முதலில் வருவது தொகைதான். "இத்தனை லட்சம் கோடியாமே, ரூபாய் என்ன ஆகும்?" தொகையை மட்டும் பார்ப்பதே பெரிய தவறு. வட்டித் தொழிலில் ஊறிய நகரத்தார் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: யாரிடம் வாங்கியது, எந்த நாட்டுப் பணத்தில் திருப்புவது?

ஜப்பான் அரசின் கடன் அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் பெரும்பகுதி சொந்த நாட்டிலேயே, சொந்த நாணயமான யென்னில் வாங்கியது. இலங்கையின் கடன் விகிதம் அதைவிடக் குறைவு. ஆனால் கணிசமான பகுதி டாலரில். கையிருப்பு டாலர் வற்றியதும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 இலங்கை ரூபாய் விற்ற டாலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. கொழும்பு செட்டியார் தெருவில் ரூபாயாகச் சேமித்தவர் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் பாதி போய்விட்டது.

இந்திய அரசின் கடன் பெரும்பாலும் ரூபாயில், உள்நாட்டில் வாங்கியது. அதனால் இலங்கை நிலை நாளைக்கே வரும் என்று பதறுவது சரியல்ல. அதற்காகக் கவலையே வேண்டாம் என்பதும் தவறு. உள்நாட்டுக் கடனின் பாரம் பணவீக்கமாக இறங்கலாம், அப்போது அதைச் சுமப்பவர் வங்கியில் பணம் போட்டவர்.

அதனால் வட்டி விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். 7 சதவீத வட்டி, 6 சதவீத விலையேற்றம் என்றால் நிற்பது 1 சதவீதம்தான், வரியும் கழிந்தால் அதுவும் நிற்காமல் போகலாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 1 லட்சத்தின் வாங்கும் சக்தி 12 ஆண்டில் பாதியாகிவிடும். ஐந்தொகையில், அதாவது சொத்து-கடன் கணக்கில், தொகை குறையாது, அதனால்தான் நஷ்டம் கண்ணில் படுவதில்லை.

1947இல் ஒரு டாலர் ஒரு ரூபாய் என்று பரப்புகிறார்களே, அதையும் நம்ப வேண்டாம். அப்போது பவுண்டுக்கு 13 ரூபாய் சொச்சம், டாலருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 30 காசு.

அப்புறம் தங்கம். நம்மவர்கள் வட்டித் தொழில் செய்த பர்மாவில் ஜப்பான் ராணுவம் அச்சிட்ட நோட்டு 1945இல் வெறும் காகிதமானது. 1964இல் அங்கே 50, 100 சாட் (பர்மிய நாணயம்) நோட்டுகளும் செல்லாமல் போயின. நம்மவர்கள் தங்கத்தை நாடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சேமிப்பு முழுவதையும் நகையாக்காதீர்கள். விற்கும்போது செய்கூலி, சேதாரம் திரும்பி வராது. சேமிப்புக்காக வாங்குவதைத் தங்கக் காசாகவே வாங்கலாம்.