பொதுக்கூடத்துச் சுவரில் பூச்சுவேலை பழகுவது எப்படி?

பழைய பொதுக்கூடத்தைச் சீரமைக்க வரும் இளைஞர்கள் கையில் முதல் நாளே பெயின்ட் பிரஷைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; எங்கே பொள்ளலாகச் சத்தம் கேட்கிறதோ அங்கே பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது என்று அர்த்தம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதை உளியால் கொத்தி எடுத்து, தூசி தட்டி, தண்ணீர் தெளித்த பிறகுதான் கலவை. காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அப்புறம் பூச்சு பிடிக்காது.

உள்சுவருக்கு 1 பங்கு சிமென்ட், 6 பங்கு சலித்த மணல் சரியாக இருக்கும். கலவையைக் கரணையில் (கொத்தனார் கரண்டி) அள்ளி மணிக்கட்டைச் சுண்டிச் சுவரில் அடிக்க வேண்டும். முதலில் பாதி கீழே விழும், விழட்டும். பக்கத்தில் நிற்கும் கொத்தனார் பொறுமையிழந்து கரணையை வாங்கிக்கொள்ளவே கூடாது, கை பழகுவதே அந்த நேரத்தில்தான். பூசியதை 7 நாள் நனைத்து வையுங்கள்.