குளிர் ஊரில் வாசனை மெழுகுவர்த்தி: மெழுகின் சூட்டைக் கைக்குள் வைத்திருப்பது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் யூடியூப் பார்த்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். அதில் சொல்லும் அளவுகளில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த வீடியோக்களில் பாதி சென்னையிலோ மும்பையிலோ ஃபேன் ஓடும் அறையில் எடுத்தவை. டிசம்பரில் சமையலறையே 12, 13 டிகிரியில் கிடக்கும் நம் ஊரில் அதே எண்களை அப்படியே பிடித்துக்கொண்டு ஊற்றினால், மேல்பக்கம் குழி விழும், ஓரம் கண்ணாடியை விட்டு விலகும், வாசனையும் சொன்ன அளவுக்கு வராது. மெழுகின் சூட்டோடு கண்ணாடியின் சூடு, அறையின் சூடு இரண்டையும் சேர்த்துக் கவனித்தால்தான் இங்கே வேலை நடக்கும்.

முதல்முறை செய்பவர்களுக்கு 250 கிராம் சோயா மெழுகும் (சோயா எண்ணெயிலிருந்து செய்வது) 20 கிராம் வாசனை எண்ணெயும் போதும். எண்ணெய் மெழுகில் 8 சதவீதம் வருகிறது. 180 மில்லி பிடிக்கிற தடித்த கண்ணாடி டம்ளர் இரண்டு எடுத்தால், மேலே விரற்கடை இடம் விட்டு நிரப்பச் சரியாக இருக்கும். திரி, திரியை நேராகப் பிடிக்க ஐஸ் குச்சி, சமையலறைத் தராசு, நீளக் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது 42-க்கு மேல் போகாது. தூரத்திலிருந்து காட்டும் துப்பாக்கி மாதிரி ஒன்று விற்கிறார்களே, அதுவும் வேண்டாம், அது மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும், பளபளக்கிற பாத்திரத்தில் தாறுமாறாகக் காட்டும்.

தெர்மாமீட்டரை முதலில் சோதித்துவிடுங்கள், மலையில் இருப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். கொதிக்கிற தண்ணீரில் விட்டால் 100 காட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குன்னூரில் 94 பக்கம், கொடைக்கானலில் 93 பக்கம். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு லேசில் வேகாததற்கும் இதுதான் காரணம். இது தெரியாமல் 'ஏழு டிகிரி குறைச்சலாகக் காட்டுகிறது' என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் ஏழைக் கூட்டிக்கொண்டால், 85 என்று நீங்கள் நம்பும் மெழுகு உண்மையில் 78-ல்தான் இருக்கும். அதனால் ஐஸ் வைத்துப் பாருங்கள்: நொறுக்கிய ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, இடுக்கு நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கலக்கிவிட்டு ஒரு நிமிடம் கழித்துக் கம்பியை நடுவில் பிடியுங்கள். எந்த உயரத்திலும் அது 0-வை ஒட்டித்தான் காட்ட வேண்டும்.

சரி, இனி உருக்கலாம். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்குங்கள். உள்ளே இருக்கும் மெழுகின் மட்டம் வரைக்கும் வெளியே தண்ணீர் இருந்தால் சூடு சமமாக ஏறும். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் நல்லது, தீ நாக்கு பக்கத்தில் இருக்காது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை, கொதித்தால் துளி தெறித்து மெழுகில் விழும், அந்தத் துளி பிற்பாடு திரியைப் படபடவென்று பொரிய வைக்கும்.

சோயா மெழுகு 50 டிகிரி பக்கமே இளகிவிடும், ஆனால் அங்கே நிறுத்தக் கூடாது. 80 முதல் 85 வரை கொண்டுபோனால்தான் உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கட்டியெல்லாம் முழுசாகக் கரையும். இதில் மலைக்கு ஒரு சௌகரியம் உண்டு: வெளித் தண்ணீரே 93-ஐத் தாண்டாததால் உள்ளே மெழுகும் தாண்டாது. அதே காரணத்தால் 75-க்கு மேல் எண் ஆமை வேகத்தில்தான் ஏறும். பொறுமை இழந்து பாத்திரத்தைத் தூக்கி நேராகத் தீயில் வைக்காதீர்கள், கால் கிலோ மெழுகு கண் மூடித் திறப்பதற்குள் 100-ஐத் தாண்டிப் போய்விடும். கம்பியின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடாமல் மெழுகின் நடுவில் நிற்கட்டும், அடி எப்போதும் கூடுதலாகக் காட்டும்.

85 வந்ததும் இறக்கி, ஈரத்தைத் துடைத்து, மரப்பலகை மேல் வையுங்கள். கிரானைட் மேடை மேல் வைத்தால் கல் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும், அடியில் மட்டும் மெழுகு கெட்டியாகத் தொடங்கும். இப்போது வாசனை எண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள், நுரை வருகிற மாதிரி அடிக்க வேண்டாம். மெழுகு விற்பவர் கொடுக்கும் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள், ஒவ்வொரு கம்பெனி சோயாவுக்கும் குணம் மாறும்.

மெழுகுவர்த்திக்கென்று விற்கும் வாசனை எண்ணெய்களுக்குத்தான் இந்த 85. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் நீலகிரித் தைலத்தைப் போட ஆசைப்பட்டால் கணக்கு வேறு. அது சட்டென்று ஆவியாகிற சரக்கு. 85-ல் ஊற்றினால் வீடு முழுக்க மணக்கும், மெழுகுவர்த்தியில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். போதாததற்கு, 50 டிகிரி பக்கத்திலேயே அதன் ஆவி தீப்பற்றத் தயாராகிவிடும், எனவே எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் பாட்டிலைத் திறக்கவே கூடாது. அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, மெழுகு 65-க்கு இறங்கிய பிறகு சேருங்கள், அதுவும் 250 கிராமுக்கு 8 முதல் 10 கிராம் போதும். எனக்குத் தைலத்தை மட்டும் போட்டால் ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிற ஞாபகம்தான் வருகிறது, எலுமிச்சைப்புல் எண்ணெய் கொஞ்சம் கலந்தால் பரவாயில்லை.

இதற்கிடையில் கண்ணாடிகளைச் சூடாக்கியிருக்க வேண்டும். உருக்க ஆரம்பிக்கும்போதே வெந்நீரில் கழுவி, பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, திரியை ஒட்டி, ஊற்றுவதற்குச் சற்று முன் ஹேர் டிரையரால் வெளிப்பக்கம் காட்டுங்கள். கையில் பிடித்தால் வெதுவெதுப்பாக, சுமார் 40 டிகிரி இருந்தால் போதும். ஜில்லென்ற கண்ணாடியில் சூடான மெழுகு பட்டவுடன் சுவரை ஒட்டிய பகுதி முதலில் இறுகிவிடும், நடுப்பகுதி அப்புறம் சுருங்கும், அதனால்தான் குழியும் விலகலும்.

ஊற்றும் சூடுதான் அடுத்தது. கீழே சமவெளியில் 50, 55 என்பார்கள். குளிர்காலத்தில் இங்கே நான் 60 முதல் 65-க்குள் ஊற்றுகிறேன், ஏனென்றால் சின்ன அளவு மெழுகு டம்ளருக்குப் போகிற வழியிலேயே சில டிகிரி இழக்கும். தெர்மாமீட்டரை மட்டும் நம்பாமல் பாத்திரத்தையும் பாருங்கள். மெழுகு எண்ணெய் போலத் தெளிவாக, லேசான மஞ்சளாக இருக்கும் வரைக்கும் ஊற்றலாம். பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாக மெல்லிய வளையம் கட்டி, நடுவும் கலங்க ஆரம்பித்துவிட்டால் நேரம் தாண்டிவிட்டது. வெந்நீரில் திரும்ப இறக்கி இளக்குங்கள், அப்படியே ஊற்றினால் மேல்பக்கம் மேடும் பள்ளமுமாகத்தான் உறையும். ஒரே சீராக, இடையில் நிறுத்தாமல் ஊற்றுங்கள்.

ஊற்றியதும் டம்ளர்களை மடித்த செய்தித்தாள் மேல் வைத்து, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். ஜன்னலோரம் வேண்டாம், ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் உறைபனி விழுகிற ராத்திரிகளில் கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் குளிர் லேசுப்பட்டதில்லை. சீக்கிரம் ஆறட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். மறுநாள் காலையில் மேலே சொரசொரப்பாக இருந்தால் ஹேர் டிரையரால் மேல்படலத்தை மட்டும் இளக்கிச் சமன் செய்யலாம். சோயாவில் வெள்ளைப் பூப்பூவாகத் தெரிவது பற்றிக் கவலை வேண்டாம், அது மெழுகு படிகமாவதால் வருவது, எரிவதற்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

சோயாவுக்குப் பதில் பாரஃபின் (பெட்ரோலியத்திலிருந்து வரும் மெழுகு) பயன்படுத்துபவர்களுக்கு: 58-60 என்று போட்டு விற்பது அது உருகும் சூடு. அதனால் ஊற்றுவதை 70, 75-ல் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குழி விழுவது இதில் சகஜம், கொஞ்சம் மெழுகை எடுத்துவைத்திருந்து இரண்டாம் முறை நிரப்பிவிடலாம்.

அடுப்பில் மெழுகு இருக்கும்போது வாசல் பக்கம் பேசப் போகாதீர்கள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்துத் தட்டையான மூடியால் மூடுங்கள்.

உறைந்த சோயா மெழுகுவர்த்தியை மூடி போட்டு இரண்டு வாரம் வைத்துவிட்டு ஏற்றினால் வாசனை நன்றாக வரும். மெழுகு ஒட்டிய பாத்திரத்தைச் சூடு இருக்கும்போதே பழைய காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் வெந்நீர் விட்டுக் கழுவினால், இந்தக் குளிரில் அது குழாய் வளைவைத் தாண்டுவதற்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.