வீட்டில் அமைத்த கார்க் கணினிக்கு ஜிபிஎஸ் இணைக்கும் முறை

ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையைக் கொண்டு காருக்கு ஒரு கணினியை ஏற்கெனவே அமைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடக்கநிலையினர் யூஎஸ்பி வகை ஜிபிஎஸ் ரிசீவரையே வாங்குவது நல்லது. வயர்களைப் பற்றவைக்கும் வேலை இல்லை, மின்சாரமும் அதே கேபிளில் வந்துவிடும்.

வாங்கிய உடனே காரில் பொருத்த வேண்டாம். கணினியையும் ரிசீவரையும் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து, மாமர நிழலை விட்டு விலகி, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் வையுங்கள். ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவதால், அவற்றின் சமிக்ஞை நம்மை வந்தடையும்போது மிகவும் மெலிந்திருக்கும். இடத்தையும் உயரத்தையும் கணிக்கக் குறைந்தது 4 செய்மதிகள் தேவை. ஜிபிஎஸ்டி என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதனுடன் கிடைக்கும் சீஜிபிஎஸ் கருவியைத் திறந்தால் செய்மதிகளின் பட்டியல் தெரியும். முதல் தடவை சில நிமிடங்கள் பொறுத்திருங்கள்.

ரிசீவர் அனுப்பும் மூல வரிகளை நீங்களே நிரல் எழுதி வாசிப்பதானால், ஓரிடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். யாழ்ப்பாண நகரில் அகலாங்கு 0939.70 என்று வரும். இதை 9.3970 பாகை என்று எடுத்துக்கொண்டதால், என் வரைபடத்தில் கார் ஏறக்குறைய 29 கிலோமீற்றர் தெற்கே நின்றது. முதல் இரண்டு இலக்கங்கள் மட்டுமே பாகை, எஞ்சிய 39.70 கலையாகும் (60 கலை ஒரு பாகை). அதை 60ஆல் வகுத்து 9உடன் கூட்டினால் 9.6617 என்ற சரியான விடை கிடைக்கும். அந்த வரிகளில் நேரம் உலகப் பொது நேரமாகவே இருப்பதால், நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடத்தைக் கூட்ட வேண்டும். ஜிபிஎஸ்டி வழியாகப் பெற்றால் பாகைக் கணக்கை அதுவே செய்துவிடும்.

காரில் ரிசீவரை முன்கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்ட்டின் மேல், முகம் வானத்தைப் பார்க்கும்படி ஒட்டுங்கள். உலோகத் தகட்டுக்கு அடியிலும், உலோகப் பூச்சுள்ள கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னாலும் சமிக்ஞை குன்றிவிடும். வரைபடத்துக்கு நேவிட் மென்பொருளையும், முன்கூட்டியே இறக்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத் தரவையும் பயன்படுத்தினால், ஓடும்போது இணையம் தேவைப்படாது.

சோதித்துப் பார்க்க, யாழ்ப்பாண நகரிலிருந்து கடலைக் கடந்து தீவுப் பக்கம் செல்லும் பண்ணைப் பாலவீதியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மரமோ உயர்ந்த கட்டடமோ இல்லை; இருபுறமும் கடல்நீர். நண்பர் ஒருவர் ஓட்ட, நீங்கள் திரையைக் கவனியுங்கள். புள்ளி சில மீற்றர் தள்ளி ஓரத்து நீரைத் தொட்டால் அது இயல்பான பிழைதான். வெகுதூரம் கடலுக்குள் நின்றால், மீண்டும் அந்தப் பாகைக் கணக்கைச் சரிபாருங்கள்.