பழைய விதையா? முதலில் ஈரத்துணிச் சோதனை

சமூகத் தோட்டத்துக்கு வீட்டிலேயே நாற்று விடுபவர்கள், போன வருடத்து விதையை நேரே குழித்தட்டில் (நாற்று விடும் சிறு குழிகள் உள்ள தட்டு) போடாதீர்கள். 10 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி, மூடிய டப்பாவில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். தக்காளி ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மிளகாய், கத்தரிக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்.

7, 8 முளைத்தால் குழிக்கு ஒரு விதை போதும். பாதிதான் முளைத்தால் இரண்டிரண்டாகப் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் புது விதை வாங்குவதே லாபம். முளைக்காத விதைக்காகக் குழியில் நிரப்பும் தென்னை நார்க்கழிவும் தண்ணீரும் செலவழித்து, பருவத்தையும் தவறவிட வேண்டியதில்லை. முளைத்தவற்றை வேர் நீளுமுன் மண்ணில் வைத்துவிடலாம், வீணாகாது.

வெங்காய விதை ஒரு வருடத்திலேயே வீரியம் இழக்கும். அதைக் கட்டாயம் சோதியுங்கள். தேதி தாண்டாத புதுப் பாக்கெட்டுக்கு இந்த வேலை தேவையில்லை.