பிட்யூட்டரி கட்டியோடு கருவுற்றவர்கள் பிரசவம் வரை கவனிக்க வேண்டியவை

மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அவற்றுள் கருவுறும் வயதுப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது புரோலாக்டினோமா. பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோனை இது அளவுக்கு மீறிச் சுரந்து மாதவிலக்கை நிறுத்திவிடுவதால், குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கப் போன இடத்தில்தான் பலருக்கு இப்படியொரு கட்டி இருப்பதே தெரியவருகிறது. கேபர்கோலின் அல்லது புரோமோகிரிப்டின் மாத்திரையால் ஹார்மோன் இறங்கி, மாதவிலக்கு திரும்பி, கருவும் தங்கிய பிறகு, அதே மாத்திரையை இனி என்ன செய்வது என்ற கேள்வி வந்து நிற்கிறது.

அதற்கான விடையைக் கருத்தரிக்க முயல்வதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது கட்டியின் அளவைப் பொறுத்தது. 10 மில்லிமீட்டருக்குக் குறைவானதைச் சிறு கட்டி என்றும் மற்றதைப் பெருங்கட்டி என்றும் பிரிக்கிறார்கள். பெருங்கட்டி உள்ளவர்கள், அது மருந்தில் சுருங்கிப் பார்வை நரம்புகளை விட்டு விலகியிருப்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் உறுதி செய்துகொண்ட பிறகே குழந்தைக்கு முயல வேண்டும். அதுவரை ஆணுறை தேவை. மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே சினைமுட்டை வெளிவந்து கரு தங்கிவிட வாய்ப்புண்டு என்பதால், "இன்னும் தீட்டே வரவில்லையே" என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

கர்ப்பம் உறுதியானவுடன் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் பேசுங்கள். சிறு கட்டி என்றால் மாத்திரையை நிறுத்தச் சொல்வதே வழக்கம். பெருங்கட்டி, அதிலும் பார்வை நரம்பை ஒட்டி நிற்பது என்றால், தொடரச் சொல்லவும் கூடும். ஆகவே நிறுத்துவதையோ தொடர்வதையோ நாமாக முடிவு செய்யலாகாது. கருவுற்றது தெரியாமல் முதல் சில வாரங்கள் மாத்திரை சாப்பிட்டுவிட்டவர்கள் கலங்க வேண்டியதில்லை. இவ்விரு மருந்துகளாலும் பிறவிக் குறைபாடுகள் கூடுவதாக இதுவரை தெரியவரவில்லை.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் பெருகுவதால் நலமான பிட்யூட்டரிகூட வீங்கும், கட்டியும் வளரலாம். சிறு கட்டியில் தொந்தரவு தரும் அளவுக்கு வளர்ச்சி ஏற்படுவது நூற்றில் இரண்டு மூன்று பேருக்கே. முன்பு அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ பெறாத பெருங்கட்டியில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நேர்கிறது. இதை இரத்தத்தில் புரோலாக்டின் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கட்டியே இல்லாத கர்ப்பிணிக்கும் அது பத்து மடங்கு வரை ஏறும். யாரேனும் எழுதிக் கொடுத்தார்கள் என்று அந்தப் பரிசோதனையைச் செய்து, தாளில் தடித்த எழுத்தில் வந்த எண்ணைக் கண்டு வீடே தூக்கம் கெடுவதுதான் மிச்சம்.

உண்மையில் கண்காணிக்க வேண்டியது பார்வை. பிட்யூட்டரிக்கு நேர் மேலே இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிட்டுச் செல்வதால், கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் முதலில் மங்குவது பக்கவாட்டுப் பார்வைதான். எழுத்து தெளிவாகத் தெரியும்; ஆனால் கதவு நிலையில் தோள் இடிக்கும், பக்கத்தில் வரும் ஸ்கூட்டர் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். பெருங்கட்டி உள்ளவர்கள் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் பார்வைப்புலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இடைப்பட்ட நாட்களில் வீட்டிலும் பார்க்கலாம்: எதிரே ஒருவரை உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, அவர் மூக்கையே பார்த்தபடி இருங்கள், அவர் பக்கவாட்டிலிருந்து விரலை அசைத்தபடியே உள்ளே கொண்டுவரட்டும். விரல் தெரியும் இடம் முன்பைவிட உள்ளே தள்ளியிருந்தாலோ, இரு கண்களுக்கும் வேறுபட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இது கருவியில் செய்யும் பரிசோதனைக்கு மாற்று அல்ல.

தலைவலி வந்தால் எல்லாவற்றையும் கட்டியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 20 வாரங்களுக்குப் பின் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்து வந்தால் முதலில் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகால இரத்த அழுத்த நோயாக இருக்கலாம், அதற்கும் அவசர சிகிச்சை தேவை. அழுத்தம் சரியாக இருந்தும் தலைவலி விடாமல் கூடினால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காடோலினியம் என்னும் சாய ஊசியை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். திடீரென மண்டையைப் பிளப்பது போன்ற வலி, வாந்தி, இரட்டைப் பார்வை, மயக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். அப்போது காலை வரை காத்திராமல், நரம்பியல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகச் செல்ல வேண்டும்.

கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தால் பெரும்பாலும் முதல் சிகிச்சை அதே மாத்திரையை மீண்டும் தொடங்குவதுதான். அதற்கும் அடங்காமல் பார்வை குறைந்துகொண்டே போனால் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்வார்கள். கர்ப்பத்தின் 4 முதல் 6 மாதம் வரையான காலம் அதற்கு ஏற்றது. நிறைமாதத்தை நெருங்கியிருந்தால் குழந்தையை முதலில் எடுத்துவிடுவதே மேல்.

கட்டி இருக்கிறது என்பதற்காகவே சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. சிறு கட்டி உள்ளவர்களுக்குச் சுகப்பிரசவம் இயல்பாகவே நடக்கும். ஆனால் தண்டுவட ஊசி போடும் மயக்க மருந்து நிபுணருக்குக் கட்டியின் அளவும் மண்டைக்குள் அழுத்தம் இருக்கிறதா என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கடைசி எம்.ஆர்.ஐ. அறிக்கையின் நகலை மகப்பேறு அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

தாய்ப்பால் கொடுத்தால் கட்டி வளரும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதுண்டு, அதற்கு ஆதாரமில்லை. மாத்திரையைத் தொடர வேண்டியவர்களுக்கு மட்டும் பால் வற்றிவிடும். பிரசவத்துக்குச் சில மாதங்கள் கழித்துப் புரோலாக்டினும் எம்.ஆர்.ஐ.யும் பார்க்க வேண்டும். சிலருக்கு ஹார்மோன் தானாகவே இயல்புக்குத் திரும்பி, மருந்தே தேவைப்படாமல் போவதும் உண்டு.

பிட்யூட்டரி கட்டி அல்லாமல், மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா என்னும் வேறு வகைக் கட்டி உள்ளவர்கள் பிரசவத்துக்குப் பின் கருத்தடை முறையைத் தேர்வதிலும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு புரோஜெஸ்டிரோன் என்னும் பெண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பதால், கர்ப்பத்தின் பிற்பாதியில் வீங்கிப் பிரசவத்துக்குப் பின் ஓரளவு சுருங்கக் கூடும். அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் கருத்தடை ஊசியில் இருப்பது மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்னும் செயற்கைப் புரோஜெஸ்டிரோன். அதை நீண்டகாலம் பயன்படுத்துவதற்கும் மெனிஞ்சியோமாவுக்கும் தொடர்பிருப்பதாக 2024இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. இந்தக் கட்டி உள்ளவர்கள் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாமல், காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத முறையைக் கேட்டுப் பெறலாம்.