கள்ளக்காதல் என்று தலைப்புப் போடாதீர்கள்: பாலியாமரி பற்றி எழுதுகிறவர்கள் விடும் தவறுகள்

மட்டக்களப்பு என்றதும் வெளியூர்ச் சனம் சொல்லும் பாய்க்கதை நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள், திரும்பி வரமாட்டாய் என்று. நம்மிடம் ஒரு சொல்லும் கேளாமல் யாரோ கட்டிவிட்ட கதை அது, வேலைக்கென்று வேறு மாவட்டம் போன நம்மூர்ப் பிள்ளைகள் அதை எத்தனை தரம் கேட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். அதனால்தான், ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் காதலித்து, அது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் உடன்பட்டு வாழ்கிறவர்களைப் பற்றி (இதைத்தான் பாலியாமரி என்கிறார்கள்) நம் பேப்பர்களும் யூடியூப் சனல்களும் கதை கட்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

பெரிய தவறு தலைப்பிலேயே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் கனடாவில் இருக்கும் என் சிநேகிதி ஒருத்தியிடம் நீண்ட நேரம் கதைத்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு இரண்டு துணைகள், அந்த இருவருக்கும் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் சேர்ந்து சமைப்பார்கள். அச்சில் வந்தபோது மேலே பெரிய எழுத்தில் ‘கள்ளக்காதல்’ என்று இருந்தது. வாசித்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: “இதில கள்ளம் எங்க இருக்கு?” என்னிடம் பதில் இல்லை. தங்களைப் பற்றி அவர்கள் முதலில் சொல்வதே ஒளிக்காமல் இருப்பதைத்தான். துணைக்குத் தெரியாமல் ஒரு உறவு வைத்தால் அவர்களும் அதைத் துரோகம் என்றே சொல்வார்கள். பாலியாமரி என்ற சொல்லுக்கும் வயது அதிகமில்லை. கிரேக்கத்தில் ‘பல’ என்பதையும் இலத்தீனில் ‘காதல்’ என்பதையும் சேர்த்துச் செய்தது, 1990களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்து 2006இல் ஒக்ஸ்போர்ட் அகராதியில் ஏறியது. நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கும்வரை அதையே எழுதுங்கள், ஏசுகிற சொல்லை எடுக்க வேண்டாம்.

அடுத்தது, பலதார மணத்தோடு போட்டுக் குழப்புவது. பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிற மண் இது, எனவே பேச்செடுத்த உடனே “ஐவருக்கும் தேவி இருந்தாளே” என்பார் ஒருவர், முருகனுக்கு வள்ளியும் தெய்வானையும் என்பார் இன்னொருவர். பாலியாமரிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களும் இந்தக் கதைகளைத்தான் எடுக்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. திரௌபதையை ஐவருக்கும் பொதுவாக்கியது குந்தியின் வாய்ச்சொல், அவள் கேட்டு வாங்கியது அல்ல. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஆணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகளை அனுமதிக்கிறது, பெண்ணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பாலியாமரியில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே உரிமை, அதோடு பெரும்பாலும் அங்கே திருமணப் பதிவு என்ற பேச்சே இருக்காது. அமெரிக்காவின் சமர்வில் நகரம் 2020இல் இரண்டு பேருக்கு மேற்பட்டவர்களின் இல்லற உறவைப் பதிவு செய்ய இடம் கொடுத்தபோது அது செய்தியானதே அவ்வளவு அரிது என்பதால்தான்.

படம் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே கட்டிலில் மூன்று இளம் வெள்ளைக்காரர் படுத்திருக்கும் படத்தை எடுத்துவிடுங்கள். என் சிநேகிதி என்னிடம் கதைத்ததில் முக்கால்வாசி, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, வாடகையை எப்படிப் பிரிப்பது, யாருடைய அம்மாவுக்கு இதை எப்போது சொல்வது என்பது பற்றித்தான்.

நல்லபடியாக எழுதுகிறோம் என்று நினைத்துச் செய்யும் தவறு ஒன்றும் உண்டு, அது இன்னும் வலிக்கும். ‘இவர்களுக்குப் பொறாமையே கிடையாது’ என்று எழுதுவது. துணை இன்னொருவரோடு சந்தோஷமாக இருப்பதைப் பார்த்துத் தானும் மகிழ்வதற்கு கம்பெர்ஷன் என்று ஒரு சொல் இருக்கிறது, சான் பிரான்சிஸ்கோவில் கெரிஸ்தா என்ற பெயரில் ஒன்றாக வாழ்ந்த கூட்டத்தார் உண்டாக்கியது. அந்த மகிழ்ச்சி சிலருக்கு வரும், சிலருக்கு வராது, வந்தவருக்கும் எல்லா நாளும் வராது. அப்படிப்பட்ட கட்டுரைகளை வாசித்துவிட்டு, பொறாமைப்பட்ட ஒரு இரவில், தான் இதற்கு லாயக்கில்லாதவள் என்று என் சிநேகிதி அழுதிருக்கிறாள்.

அப்புறம், எல்லோரையும் ஒரே வார்ப்பில் ஊற்றாதீர்கள். சிலர் இது பிறவியிலேயே உள்ள இயல்பு என்கிறார்கள், சிலர் யோசித்துத் தெரிந்தெடுத்தேன் என்கிறார்கள். எழுதும் முன் கேளுங்கள்.

நம்மூரில் இருப்பவர் என்றால் இன்னும் கவனம் தேவை. பெயரை மாற்றினால் போதாது. ஊர், வேலை, எத்தனையாம் பிள்ளை என்ற மூன்றும் தெரிந்தால் கல்லடிப் பாலத்தைக் கடப்பதற்குள் ஆளைச் சொல்லிவிடுவார்கள், பிறகு அவருக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை.

அந்தக் கட்டுரையை நான் திரும்ப எழுதினேன். இம்முறை தலைப்பு உட்பட எல்லாவற்றையும் முதலில் அவளிடம் காட்டினேன். ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொன்னாள். ‘வாழ்க்கை முறை’ என்று நான் எழுதிய இடத்தில் ‘குடும்பம்’ என்று போடட்டாம்.