இரண்டு பேர் ஓடினால் எடையும் குறையும், தூரமும் கூடும்

காரைக்குடியில் விடிகாலை ஐந்து மணிக்குத் தனியாக எழுந்து ஓடுவது கஷ்டம். முகப்புத் திண்ணையில் நண்பர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்றால் போர்வையை விலக்கித்தானே ஆகவேண்டும்?

இருவரின் வேகமும் ஒன்றாக இருக்காது. நாங்கள் செய்வது இதுதான். சில நாட்களில், வேகமாக ஓடுபவர் ஊரணி வரை போய்த் திரும்பி வந்து, பின்னால் வருபவரோடு சேர்ந்து மறுபடி ஓடுவார். அவருக்குத் தூரம் கூடும், மற்றவருக்குத் துணை இருக்கும். மற்ற நாட்களில் மெதுவாக ஓடுபவரின் வேகமே இருவருக்கும். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஓட நினைப்பவர்களுக்கும் பெரும்பாலான பயிற்சி இப்படித்தான் இருக்கவேண்டும்.

ஓடி முடித்ததும் எடை பார்க்காதீர்கள். அப்போது குறைவது பெரும்பாலும் வியர்வைத் தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும்.

அப்புறம் சாப்பாடு. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் கந்தரப்பமும் பால் பணியாரமும் இலையில் விழும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. நண்பரும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒருவர் எடை குறையாத வாரத்தில் மற்றவர் காரணம் கேட்பதில்லை. "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துடு" என்று மட்டும் சொல்வோம்.